மாலைப்பொழுது யாருடையது? வீட்டுத் தொழில்நுட்பம், தொலைக்காட்சி, பள்ளி வாழ்வு பற்றிய பொதுக்கருத்தின் வரலாறு: காரவள்ளியை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

தொலைக்காட்சி மாணவரின் படிப்பைக் கெடுக்கும் என்னும் கருத்து தமிழகக் குடும்பங்களில் நீண்டகாலமாக ஐயத்திற்கு இடமற்ற உண்மைபோலப் புழங்கி வருகிறது. ஆனால் அக்கருத்துக்கும் ஒரு வரலாறு உண்டு. ஊர்ப் பொதுவிடத்தில் வைக்கப்பட்டிருந்த காலத்தில் அறிவுக் கருவியாக மதிக்கப்பட்ட பெட்டி, வீட்டுக்குள் வந்தபின் படிப்பின் பகையாகக் கருதப்பட்டது. 2020இல் அதுவே வகுப்பறையின் இடத்தில் அமர்த்தப்பட்டது. கொல்லிமலை அடிவாரத்திலுள்ள காரவள்ளியை நோக்குமிடமாகக் கொண்டு இம்மாற்றங்களை இக்கட்டுரை ஆராய்கிறது. கருவி பற்றிய பொதுக்கருத்து பெரும்பாலும் கருவியின் தன்மையிலிருந்து பிறப்பதில்லை. மாணவரின் மாலைப்பொழுதை யார் ஆள்வது என்னும் வினாவிலிருந்தே பிறக்கிறது என்பது இக்கட்டுரையின் கருதுகோளாகும்.

திறவுச்சொற்கள்: தொலைக்காட்சி, பள்ளிக்கல்வி, பொதுக்கருத்து, கொல்லிமலை, காரவள்ளி, விலையில்லாப் பொருள்கள், கல்வித் தொலைக்காட்சி.

முன்னுரை

தமிழகத்தில் ஊடக வரலாறு எழுதுவோர் பெரும்பாலும் நிறுவனங்களின் தொடக்க நாள்களையும் அரசியல் தொடர்புகளையும் முதன்மைப்படுத்துவர். கல்வி வரலாறு எழுதுவோர் பாடத்திட்டம், தேர்வுமுறை, சேர்க்கை ஆகியவற்றில் கவனம் செலுத்துவர். இவ்விரண்டுக்கும் இடையே ஒரு பரப்பு எழுதப்படாமலே உள்ளது. பள்ளி முடிந்து வீடு திரும்பும் மாணவர் உறங்கச் செல்லும் வரையிலான மூன்று நான்கு மணி நேரமே அப்பரப்பு. வீட்டுப்பாடம், தொலைக்காட்சித் தொடர், வீட்டுவேலை, விளையாட்டு ஆகிய அனைத்தும் இந்நேரத்துக்காகவே போட்டியிடுகின்றன. பெற்றோர், ஆசிரியர், அரசு, விளம்பரதாரர் என அனைவரும் உரிமை கோரும் பொழுதும் இதுவே.

இந்நேரத்தைப் பற்றி மக்கள் கூறிவந்த கருத்துகளும் வரலாற்றுச் சான்றுகளே. “டி.வி. பார்த்தால் படிப்பு ஏறாது”, “பரீட்சை முடியட்டும், அப்புறம் கேபிள் போட்டுக்கொள்ளலாம்”, “முட்டாள் பெட்டி” முதலிய தொடர்கள் எவர் எழுதிவைத்தவையும் அல்ல, ஆயினும் ஒரு தலைமுறை முழுவதும் கேட்டு வளர்ந்தவை. பள்ளிக் கட்டுரைப் போட்டிகளில் தொலைக்காட்சியின் நன்மை தீமைகள் என்பது நிலைத்த தலைப்பாக இருந்தது. அக்கட்டுரைகளில் நன்மைகள் முதலில் வரும். தீமைகள் பின்னர் வரும். அளவோடு பயன்படுத்துக என்னும் அறிவுரையோடு கட்டுரை முடியும். மாணவர் தம் சொந்தப் பழக்கத்தைத் தாமே கண்டித்து எழுதி மதிப்பெண் பெறும் இவ்வடிவம், பொதுக்கருத்து எவ்வாறு பயிற்றுவிக்கப்பட்டது என்பதற்குச் சிறந்த சான்றாகும். நன்மையா தீமையா என்னும் இதே வழக்கு பட்டிமன்ற மேடைக்கும் சென்றது. பட்டிமன்றமோ பண்டிகை நாள்களில் தொலைக்காட்சியின் விருப்ப நிகழ்ச்சியாயிற்று. பெட்டியின் மீதான குற்றச்சாட்டும் பெட்டிக்குள்ளேயே அரங்கேறியது.

இக்கருத்துகளை மெய்யா பொய்யா என்று தீர்ப்பது இக்கட்டுரையின் நோக்கமன்று. அவை எப்போது வலுப்பெற்றன, எப்போது தளர்ந்தன, யாரைக் குறித்து எழுந்தன என்பனவே இங்கு வினாக்கள்.

1. காரவள்ளி: இடமும் அலையும்

நாமக்கல் மாவட்டத்தில் சேந்தமங்கலம், காளப்பநாயக்கன்பட்டி வழியாகக் கொல்லிமலைக்குச் செல்லும் சாலை, மலையேறத் தொடங்கும் இடம் காரவள்ளி. இங்கிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்தே சோளக்காட்டையும் செம்மேட்டையும் அடைய வேண்டும். கிழக்குத் தொடர்ச்சி மலையின் பகுதியான கொல்லிமலையின் மேட்டுநிலம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1000 முதல் 1300 மீட்டர் உயரத்தில் உள்ளது. வளப்பூர் நாடு, வாழவந்தி நாடு, அரியூர் நாடு, சேளூர் நாடு, தேவனூர் நாடு எனப் பல நாடுகளாக அமைந்த இம்மலையில் தமிழ் பேசும் மலையாளிப் பழங்குடியினரே பெரும்பான்மையினர்.

ஆய்வு நோக்கில் காரவள்ளி இரு கல்வி உலகங்களுக்கு இடைப்பட்ட ஊர். மேலே, பழங்குடியினர் நலத்துறையின் உண்டு உறைவிடப் பள்ளிகள் உள்ளன. கீழே, மேல்நிலைத் தேர்வு மதிப்பெண்களுக்காகத் தமிழகமெங்கும் பெயர் பெற்ற நாமக்கல் தனியார் விடுதிப் பள்ளிகள் உள்ளன. இரண்டிலும் மாணவரின் மாலைப்பொழுது வீட்டாரின் கையில் இல்லை. விடுதிக் காப்பாளரின் கையில் உள்ளது. ஆனால் அவ்வொழுங்கு மேலே வறுமையின் காரணமாகவும் தொலைவின் காரணமாகவும் ஏற்பட்டது. கீழே கட்டணம் செலுத்தி வாங்கப்பட்டது.

ஊடகத் தொழில்நுட்ப நோக்கிலும் இவ்விடம் கருதத்தக்கது. தரைவழித் தொலைக்காட்சி அலைகள் ஏறத்தாழ நேர்கோட்டில் செல்வன. அவற்றை மலை மறிக்கும். மலையின் மறைவில் விழும் ஊர்களில் படம் தெளிவுறாது. சமவெளியில் ஆண்டெனாவை உயர்த்தியும் திருப்பியும் பூஸ்டர் பொருத்தியும் சரிசெய்த குறையை, மலைமடிப்புகளுக்குள் அவ்வாறு எளிதில் சரிசெய்ய இயலாது. கம்பிவடமோ வீடுகள் நெருங்கியமைந்த ஊர்களுக்கே ஏற்றது; காடும் வயலும் இடையிட்டுச் சிதறிக் கிடக்கும் குக்கிராமங்களுக்கு அதனை இழுத்துச் செல்வது செலவு மிக்கது. செயற்கைக்கோளிலிருந்து நேரே பெறும் டிஷ் மட்டும் இத்தடையைப் பெரிதும் கடந்தது. நிலநடுக்கோட்டிற்கு அண்மையிலுள்ள தமிழகத்தில் ஒளிபரப்புச் செயற்கைக்கோள்கள் வானில் உயரத்தில் நிற்பதால் மலைச்சரிவு அவற்றை எளிதில் மறைப்பதில்லை. தூர்தர்ஷனின் கட்டணமில்லா நேரடிச் செயற்கைக்கோள் ஒளிபரப்பு 2004 டிசம்பரில் தொடங்கியது. தனியார் சேவைகள் தொடர்ந்து பெருகின. எனவே சமவெளியின் தொலைக்காட்சி வரலாற்றைச் சில ஆண்டுகள் தள்ளிப் போட்டால் மலையின் வரலாறு கிடைத்துவிடும் என்று கருதுவது பிழை. ஆண்டெனா, கேபிள், டிஷ் என்னும் சமவெளி வரிசை இங்கு அப்படியே பொருந்துவதன்று.

2. பொதுவெளிக் கருவி: வானொலியும் ஊராட்சித் தொலைக்காட்சியும்

சென்னை மாநகராட்சி 1930 ஏப்ரல் 1 முதல் வானொலிச் சேவையை நடத்தியபோது பூங்காக்களிலும் கடற்கரையிலும் ஒலிபெருக்கிகளை அமைத்தது. ஒலிபரப்பின் தொடக்கக் காலத்தில் கேட்டல் என்பது கூடிக் கேட்டலாகவே இருந்தது. சென்னை நிலையம் 1938 ஜூன் 16 அன்றும் திருச்சிராப்பள்ளி நிலையம் 1939 மே 16 அன்றும் அகில இந்திய வானொலியின் கீழ்த் தொடங்கப்பட்டன. விடுதலைக்குப் பின் ஊராட்சி அலுவலகத்து வானொலியும் அதனோடு இணைந்த ஒலிபெருக்கியும் தமிழகச் சிற்றூர்களின் அடையாளங்களாயின. மாலையில் மாநிலச் செய்தி ஒலிக்கும் நேரம் ஊருக்குக் கடிகாரமாகவும் பயன்பட்டது.

இக்கூட்டுக் கேட்பில் கருவியைத் திறப்பதும் மூடுவதும் பொதுப்பணியாளரின் வேலை. எந்த நிகழ்ச்சி, எவ்வளவு நேரம் என்பவை வீட்டுப் பூசலுக்குரிய பொருள்களாகவில்லை. அக்காலத்தில் கண்டனம் எழுந்ததெல்லாம் கருவியைக் குறித்தன்று, உள்ளடக்கத்தைக் குறித்தே. ஒலிபரப்பு அமைச்சர் பி.வி. கேஸ்கர் 1952 முதல் திரைப்பாடல்களைக் கட்டுப்படுத்தியபோது நேயர்கள் இலங்கை வானொலிக்குச் சென்றனர். 1957இல் விவிதபாரதி தொடங்க இப்போட்டியும் ஒரு காரணமாயிற்று. நேயர் எதனைக் கேட்க வேண்டும் என்று அரசு வகுத்த எல்லையை, முள்ளைத் திருப்பி வேறு நிலையம் தேடும் உரிமையால் நேயர் கடந்தனர். வீட்டுக்கு வீடு சொந்த வானொலி பெருகப் பெருக அவ்வுரிமையும் பரவியது.

தொலைக்காட்சியின் தொடக்கமும் இவ்வாறே அமைந்தது. தில்லியில் 1959 செப்டம்பர் 15 அன்று சோதனை ஒளிபரப்பு தொடங்கியது. 1961இல் தில்லிப் பள்ளிகளுக்கான ஒளிபரப்பு வந்தது. 1975 ஆகஸ்ட் 1 முதல் 1976 ஜூலை 31 வரை நடைபெற்ற செயற்கைக்கோள்வழிக் கல்வித் தொலைக்காட்சிச் சோதனை, ஆறு மாநிலங்களைச் சேர்ந்த ஏறத்தாழ 2400 ஊர்களில் பொதுவிடங்களில் பெட்டிகளை நிறுவியது. காலையில் பள்ளிப் பிள்ளைகளுக்கும் மாலையில் பொதுமக்களுக்கும் நிகழ்ச்சிகள் வழங்கப்பட்டன. ஆந்திரமும் கருநாடகமும் அத்திட்டத்தில் இடம்பெற்றன, தமிழகம் இடம்பெறவில்லை. இங்கு 1975 ஆகஸ்ட் 15 அன்று சென்னைத் தொலைக்காட்சி நிலையம் தொடங்கியது. அதன் எல்லை தலைநகரையும் சுற்றுப்புறத்தையும் சார்ந்தது. ஆகவே இந்தியத் தொலைக்காட்சி கல்வியை முன்னிறுத்திச் சிற்றூர்களுக்குச் சென்ற தொடக்கக் கட்டத்தைத் தமிழகச் சிற்றூர்கள் காணவில்லை. அவை கண்ட தொலைக்காட்சி பெருநகரிலிருந்து பரவிய தொலைக்காட்சி. ஊராட்சித் தொலைக்காட்சி அறைகள் பின்னர் அமைந்தபோதும் திரைப்படமே அங்குக் கூட்டத்தைச் சேர்த்தது.

3. வீட்டுக்குள் வந்த பெட்டி: 1982 முதல் 2003 வரை

தில்லி ஆசிய விளையாட்டுப் போட்டிகளை ஒட்டி 1982இல் வண்ண ஒளிபரப்பும் தேசிய நிகழ்ச்சியும் வந்தன. 1984இல் ஒரு கட்டத்தில் நாளொன்றுக்கு ஒன்று என்ற வேகத்தில் நாடெங்கும் ஒளிபரப்பிகள் நிறுவப்பட்டன. சிறுநகரங்களின் குறைதிறன் ஒளிபரப்பிகள் தில்லியின் தேசிய நிகழ்ச்சியை அஞ்சல் செய்யவே தொடக்கத்தில் பெரிதும் பயன்பட்டன. மொழி விளங்காதபோதும் 1987–88இல் ‘ராமாயண்’ தொடருக்காகத் தமிழ்க் குடும்பங்கள் ஞாயிறு காலையில் பெட்டியின்முன் அமர்ந்தன. சென்னை நிலையத்தின் ‘ஒளியும் ஒலியும்’ வெள்ளி மாலையையும், திரைப்படம் ஞாயிறு மாலையையும், ‘வயலும் வாழ்வும்’ உழவர்தம் பொழுதையும் குறித்தன.

இக்கட்டத்தில் பெட்டி வீட்டுக்குள் வந்திருந்தாலும் எல்லா வீடுகளிலும் இல்லை. பெட்டியுள்ள வீட்டு முற்றத்தில் தெருப்பிள்ளைகள் கூடினர். அவ்வீட்டார் கதவைச் சாத்துவதும் திறப்பதும் சாதிநிலை, உறவு, அன்றைய மனநிலை ஆகியவற்றைப் பொறுத்திருந்தது. நிகழ்ச்சியும் வாரத்தில் சில மணி நேரமே. ஆகவே “வெள்ளிக்கிழமை மட்டும்” என்று பெற்றோர் வகுத்த ஒழுங்கு நடைமுறைக்கு இயன்றதாக இருந்தது. திருமணம், திருவிழா நாள்களில் வாடகைக்கு எடுத்த வீடியோ டெக்கில் விடியவிடியப் படம் பார்த்தலும் விதிவிலக்காக ஏற்கப்பட்டது.

1993 ஏப்ரல் 14 அன்று தொடங்கிய சன் தொலைக்காட்சியும், கேபிள் இயக்குபவர்கள் ஊர்தோறும் பெருகியதும் அவ்வொழுங்கைக் குலைத்தன. 1995இல் கேபிள் தொலைக்காட்சி ஒழுங்குமுறைச் சட்டம் வந்தது. ஆனால் வீட்டின் மாலைப்பொழுதை ஒழுங்குபடுத்த எச்சட்டமும் இல்லை. ‘சித்தி’ (1999–2001), ‘மெட்டி ஒலி’ (2002–2005), ‘கோலங்கள்’ (2003–2009) முதலிய தொடர்கள் வார நாள்களின் இரவைத் தமக்குரியதாக்கின. வாரம் ஒருமுறை வந்த நிகழ்ச்சி நாள்தோறும் வருவதாயிற்று. தொடர் தாயின் ஓய்வு நேரத்தைச் சார்ந்தது. அந்நேரமே பிள்ளையின் படிப்பு நேரம். ஓரறை வீடுகளில் இரண்டும் ஒரே விளக்கின்கீழ் நிகழ்ந்தன. படிப்பைக் கெடுக்கும் பெட்டி என்னும் கண்டனம் இக்காலத்தில் வலுப்பெற்றதற்கு வீட்டின் பரப்பளவும் காரணம் என்பதை ஊடக ஆய்வுகள் போதிய அளவு கருதவில்லை. தனியறை உள்ள வீட்டில் எழாத பூசல் ஓரறை வீட்டில் எழுந்தது. அது பிள்ளையின் ஒழுக்கக் குறையாகவோ தாயின் பொறுப்பின்மையாகவோ பேசப்பட்டது.

கிரிக்கெட்டும் இதே வகையில் தேர்வோடு மோதியது. 1996, 2003, 2011 ஆகிய ஆண்டுகளின் உலகக்கோப்பைப் போட்டிகள் பெரும்பாலும் பிப்ரவரி, மார்ச் மாதங்களில், அதாவது தமிழகப் பொதுத்தேர்வுக் காலத்தை ஒட்டியும் அதனூடாகவும் நடைபெற்றன. தேர்வு முடியும்வரை கேபிள் இணைப்பைத் துண்டித்துவைக்கும் வழக்கம் குடும்பங்களில் பரவியது. ஆண்கள் ஆட்டத்தையும் பெண்கள் தொடரையும் இழந்த அம்மாதங்களில், பத்தாம் வகுப்பு அல்லது மேல்நிலை இரண்டாமாண்டு படிக்கும் பிள்ளை வீட்டின் பொழுது முழுவதற்கும் பொறுப்பாளியாக்கப்பட்டது.

4. 2006–07: இரு மாற்றங்களின் சந்திப்பு

பொதுக்கருத்தின் வரலாற்றில் 2006, 2007 ஆகிய ஆண்டுகள் திருப்புமுனை. தனித்தனியே எழுதப்பட்டுவரும் இரு நிகழ்வுகளைச் சேர்த்துப் பார்க்கும்போதே இது புலனாகும்.

முதலாவது, விலையில்லா வண்ணத் தொலைக்காட்சித் திட்டம். 2006 சட்டமன்றத் தேர்தல் வாக்குறுதியாக அறிவிக்கப்பட்ட இத்திட்டம் அவ்வாண்டு செப்டம்பர் 15 அன்று தொடங்கியது. அடுத்த சில ஆண்டுகளில் 14 அங்குல வண்ணப் பெட்டிகள் ஏறத்தாழ 1.6 கோடி வழங்கப்பட்டன. மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி 2001இல் தமிழகக் குடும்பங்களில் ஏறத்தாழ 39.5 விழுக்காட்டினரிடமே தொலைக்காட்சி இருந்தது. 2011இல் அது ஏறத்தாழ 87 விழுக்காடாயிற்று. அவ்வாண்டு இந்திய அளவு 47.2 விழுக்காடு. இத்திட்டத்தை எதிர்த்த சுப்பிரமணியம் பாலாஜி வழக்கில் உச்சநீதிமன்றம் 2013 ஜூலை 5 அன்று தீர்ப்பளித்தது. இத்தகைய வாக்குறுதிகள் சட்டப்படி ஊழல் நடைமுறை ஆகா என்று கூறிய நீதிமன்றம், தேர்தல் அறிக்கைகளுக்கு வழிகாட்டு நெறிகள் வகுக்குமாறு தேர்தல் ஆணையத்தைப் பணித்தது. அவ்வழக்கில் பதிவான திட்ட நோக்கம், சிறப்பாக ஊரகக் குடும்பப் பெண்களுக்குப் பொழுதுபோக்கும் பொது அறிவும் வழங்குதல் என்பதாகும். பள்ளி மாணவர் அந்நோக்கத்தில் இடம்பெறவில்லை என்பது கருதத்தக்கது.

இரண்டாவது, தொழிற்கல்விக்கான பொது நுழைவுத்தேர்வின் நீக்கம். 1984 முதல் நடைமுறையிலிருந்த அத்தேர்வு, 2006ஆம் ஆண்டின் தமிழ்நாடு தொழிற்கல்வி நிறுவனங்களில் சேர்க்கைச் சட்டத்தால் நீக்கப்பட்டது. 2007ஆம் ஆண்டுச் சேர்க்கை முதல் மேல்நிலைத் தேர்வு மதிப்பெண்ணே மருத்துவத்துக்கும் பொறியியலுக்கும் அடிப்படையாயிற்று. நுழைவுத்தேர்வுப் பயிற்சிக்குப் பெருநகரம் செல்ல இயலாத மாணவருக்கு இது பெரும் வாயிலைத் திறந்தது. அதே வேளையில் 1200 மதிப்பெண்ணில் ஒவ்வொன்றும் விலைமதிப்புடையதாயிற்று. நாமக்கல் விடுதிப் பள்ளிகளின் புகழ் இக்காலத்தில் உச்சம் தொட்டது. தொலைக்காட்சி இல்லை, கைப்பேசி இல்லை, விடியற்காலை முதல் இரவு வரை மேற்பார்வையில் படிப்பு என்பதே அப்பள்ளி வகைக்குச் சமூகம் தந்த மதிப்பின் சாரம். கோழிப்பண்ணைகளுக்கும் பெயர் பெற்ற அம்மாவட்டத்திலிருந்தே ‘பிராய்லர் பள்ளி’ என்னும் கசப்பான உருவகமும் பொதுப்பேச்சுக்கு வந்தது.

இவ்விரு மாற்றங்களும் ஒரே ஆண்டுகளில் நிகழ்ந்தமையால் ஒரு புதிய பிரிவினை தோன்றியது. தொலைக்காட்சி எல்லார் வீட்டிலும் வந்துவிட்டபின், அது வைத்திருப்பதால் எவருக்கும் மதிப்பில்லை. அதிலிருந்து பிள்ளையை அகற்ற முடிவதே மதிப்பாயிற்று. 1980களில் பெட்டி வாங்க முடிந்த குடும்பம் வசதியானது. 2007க்குப் பின், பெட்டியில்லாத விடுதிக்குப் பணம் கட்ட முடிந்த குடும்பம் வசதியானது. காரவள்ளி போன்ற அடிவார ஊர்களில் இப்பிரிவினை கண்முன்னே நிற்பது. ஒரே சாலையில் கீழ்நோக்கிச் செல்லும் பேருந்து கட்டண விடுதிகளின் திசையிலும், மேல்நோக்கிச் செல்லும் பேருந்து உண்டு உறைவிடப் பள்ளிகளின் திசையிலும் செல்கின்றன. “டி.வி. பார்த்துக் கெட்டான்” என்னும் கூற்று இவ்விரண்டுக்கும் செல்லாமல் ஊர்ப் பள்ளியில் படித்த பிள்ளையின்மீதே பெரிதும் சுமத்தப்பட்டது. ஆசிரியர் பற்றாக்குறையும் மதிப்பெண் முறையும் பேசப்பட வேண்டிய இடத்தில் 14 அங்குலப் பெட்டி பேசப்பட்டது.

இதே 2006இல் விஜய் தொலைக்காட்சியில் ‘கனா காணும் காலங்கள்’ தொடங்கியது. சீருடையணிந்த பதின்பருவத்தினரின் நட்பும் பிணக்கும் காதலும் நகரச் சூழலில் அதன் கதைப்பொருளாயின. பள்ளியைக் கெடுப்பதாகக் கூறப்பட்ட ஊடகம் பள்ளி வாழ்வையே விற்பனைப் பொருளாக்கியது. வகுப்பறைக்கு வெளியே நிகழும் வாழ்வும் பேசத் தகுந்தது என்பதை அத்தொடர் ஏற்கச் செய்தது. விடுதியில் சோற்றுத் தட்டுடன் வரிசையில் நிற்கும் பழங்குடி மாணவரின் பள்ளி வாழ்வுக்கு அத்தகைய புகழ்பெற்ற தொடர் அமையவில்லை.

5. மடிக்கணினி: பள்ளி வழங்கிய கருவி

2011இல் ஆட்சி மாறியபின், அவ்வாண்டு செப்டம்பர் 2 முதல் அரசு கேபிள் நிறுவனம் மாதம் 70 ரூபாய்க்கு இணைப்பு வழங்கியது. செப்டம்பர் 15 அன்று மிக்சி, கிரைண்டர், மின்விசிறித் திட்டமும் மாணவர்க்கான மடிக்கணினித் திட்டமும் தொடங்கின. மடிக்கணினியின் தனித்தன்மை அது வந்த வழியில் உள்ளது. தொலைக்காட்சி குடும்ப அட்டையின் பேரில் வீட்டுக்கு வந்தது. மடிக்கணினி அரசுப் பள்ளியிலும் அரசு உதவிபெறும் பள்ளியிலும் பயிலும் மாணவரின் பேரில் வந்தது. சுயநிதிப் பள்ளி மாணவருக்கு அது இல்லை. ஆகவே கருவியற்ற ஒழுக்கத்தைப் பணம் கொடுத்து வாங்கிய பள்ளிகள் ஒருபுறமும், கருவியோடு மாணவரை வீட்டுக்கு அனுப்பிய அரசுப் பள்ளிகள் மறுபுறமும் நின்றன.

படம் பார்க்கவே பயன்படுகிறது, விற்றுவிடுகிறார்கள் என்பன மடிக்கணினி குறித்து எழுந்த பரவலான கண்டனங்கள். அவற்றில் உண்மை இருக்கலாம். எனினும் தொலைக்காட்சி குறித்த பழைய கருத்துகளே சொல் மாறாமல் புதிய கருவிக்கு இடம்பெயர்ந்தன என்பதும், அக்கண்டனம் விலையில்லாப் பொருள் பெற்றவரை நோக்கியே எழுந்தது என்பதும் குறிக்கத்தக்கன. சொந்தப் பணத்தில் வாங்கிய மடிக்கணினியில் படம் பார்ப்பது எவருக்கும் செய்தியாகவில்லை. 2018 நவம்பரில் வெளிவந்த ‘சர்கார்’ திரைப்படத்தில் விலையில்லாப் பொருள்களை எரிக்கும் காட்சியும் அதையொட்டி எழுந்த பூசலும், கருவியைப் பற்றிய கருத்து அதைப் பெறுபவரைப் பற்றிய கருத்தாக எளிதில் மாறும் என்பதைக் காட்டின.

மதிப்பெண் போட்டியும் இதற்குள் வடிவம் மாறியது. 2017 முதல் பொதுத்தேர்வுகளில் மாநிலத் தரவரிசை அறிவிக்கும் வழக்கம் கைவிடப்பட்டது. அதே ஆண்டில் மருத்துவச் சேர்க்கைக்கு நீட் தேர்வு தமிழகத்திலும் கட்டாயமாயிற்று. மேல்நிலை மதிப்பெண்ணுக்காகக் கட்டப்பட்ட மாலைப்பொழுது நுழைவுத்தேர்வுப் பயிற்சிக்குக் கைமாறியது.

6. 2020: பள்ளியாக மாறிய பெட்டி

கல்வித் தொலைக்காட்சி 2019 ஆகஸ்ட் 26 அன்று தொடங்கப்பட்டது. ஓராண்டுக்குள் பெருந்தொற்றால் பள்ளிகள் மூடப்பட்டன. பத்தாம் வகுப்புத் தேர்வு நீக்கப்பட்டு அனைவரும் தேர்ச்சி பெற்றதாக 2020 ஜூன் 9 அன்று அறிவிக்கப்பட்டது. ஜூலை மாதம் முதல் வகுப்பு வாரியாகக் கல்வித் தொலைக்காட்சிப் பாடங்கள் ஒளிபரப்பாயின. கால் நூற்றாண்டாகப் “பெட்டியை அணை, படி” என்று கூறிய பெற்றோர், “பெட்டியைப் போடு, படி” என்று கூற வேண்டியதாயிற்று.

இம்மாற்றத்தின் பின்னணியில், எல்லார் வீட்டிலும் தொலைக்காட்சி உண்டு என்னும் நம்பிக்கை இருந்தது. 2006இல் பெண்களின் பொழுதுபோக்குக்கென அறிவிக்கப்பட்ட பெட்டி, நோக்கத்தில் எழுதப்படாத ஒரு பணியை 14 ஆண்டுகளுக்குப் பின் ஏற்றது. இந்நம்பிக்கை சமவெளிக்கு ஓரளவு பொருந்தும். மலைக்கு அது பொருந்தாமைக்கு மூன்று காரணங்களைக் கூறலாம். ஒன்று, பெட்டி இருப்பதும் இணைப்பு இருப்பதும் ஒன்றல்ல. மலிவுக் கட்டணம் கம்பிவட இணைப்புக்கு உரியது. தனியார் டிஷ் சேவை வைத்திருப்போர் ரீசார்ஜ் செய்ய வேண்டும். ஊரடங்கில் கூலி நின்ற குடும்பத்தில் முதலில் நிறுத்தப்படுவது அதுவே. இரண்டு, உறைவிடப் பள்ளி மாணவருக்கு விடுதி மூடியது வகுப்பை மட்டுமன்றி உணவையும் மாலைப் படிப்பு நேரத்தையும் இல்லாமலாக்கியது. அவருக்கு வீட்டுத் தொலைக்காட்சி என்பது விடுமுறையின் பகுதி. அதன்முன் நோட்டுடன் அமரும் பழக்கம் அவர் அறியாதது. மூன்று, பகலில் மலைவீடு என்பது வேலையிடம். மிளகு, காப்பி, மரவள்ளி, அன்னாசி விளையும் நிலத்தில் பிள்ளையின் கை உதவியே. பாடம் ஒளிபரப்பாகும் அரைமணி நேரம் அவ்வீட்டில் எவராலும் ஒதுக்கப்படாத நேரம்.

ஆகவே கைப்பேசி அடுத்த இடத்தைப் பிடித்தது. தொலைக்காட்சிப் பாடத்தைத் தவறவிட்டவர் இணையத்தில் காணலாம் என்னும் ஏற்பாடு, அலைவரிசை கிடைக்கும் பாறையையும் மேட்டையும் தேடிச் செல்ல இயன்றவர்க்கே பயன்பட்டது. பள்ளிகள் மீண்டும் திறந்தபின் கைப்பேசியும் தொலைக்காட்சியின் பழைய கண்டனத்தைப் பெற்றுக்கொண்டது. பாடம் கேட்க வாங்கிய கருவி, பள்ளி திறந்த மறுநாளே படிப்பைக் கெடுக்கும் கருவி எனப்பட்டது. கருவியில் எம்மாற்றமும் நிகழவில்லை; மாலைப்பொழுதின் பொறுப்பு பள்ளியிடமிருந்து வீட்டுக்கும், மீண்டும் பள்ளிக்கும் மாறியதே நிகழ்ந்தது.

2021 அக்டோபர் 27 அன்று விழுப்புரம் மாவட்டம் முதலியார்குப்பத்தில் தொடங்கிய ‘இல்லம் தேடிக் கல்வி’ திட்டம் இவ்வரலாற்றில் தனித்த இடம் பெறுகிறது. தன்னார்வலர்கள் தம் ஊர்ப் பிள்ளைகளுக்கு மாலையில் ஒன்று முதல் ஒன்றரை மணி நேரம் கற்பிக்கும் ஏற்பாடு அது. ஊராட்சி வானொலிக்குப் பின், மாலைப்பொழுது ஊரின் கூட்டுப்பொழுதாக மீண்டும் கருதப்பட்ட அரிய நிகழ்வாக இதனைக் கொள்ளலாம். திரை வழியாக வகுப்பை எட்டவைக்க முயன்ற அரசே, திரை எட்டாத இடத்திற்கு ஆளை அனுப்ப வேண்டும் என்று கண்டது.

முடிவுரை

மேற்கண்ட ஆய்விலிருந்து மூன்று முடிவுகள் பெறப்படுகின்றன.

முதலாவது, தொலைக்காட்சியையும் பிற வீட்டுக் கருவிகளையும் பற்றிய பொதுக்கருத்து, அக்கருவி பொதுவிடத்தில் இருந்ததா, வீட்டில் இருந்ததா, பள்ளியின் பேரில் வந்ததா என்பதைப் பொறுத்து மாறியுள்ளது. இரண்டாவது, 2006–07இல் தொலைக்காட்சி அனைவருக்கும் உரியதானதும் மேல்நிலை மதிப்பெண் ஒன்றே வாயிலானதும் ஒருங்கே நிகழ்ந்தமையால், கருவியிலிருந்து விலக்கி வைத்தல் வாங்கத்தக்க ஒரு கல்விப் பொருளாயிற்று. மூன்றாவது, சமவெளியில் உருவான கருத்துகளைக் கொண்டு மலையின் மாணவரை அளப்பது பிழையான முடிவுகளுக்கு இட்டுச்செல்லும். பெட்டி இருந்தும் படிக்கவில்லை என்னும் கூற்றும், பெட்டியால் படிக்கவில்லை என்னும் கூற்றும் ஒரே மாணவர்மீது பத்தாண்டு இடைவெளியில் சுமத்தப்பட்டுள்ளன. இரண்டும் அவரது மாலைப்பொழுது எவ்வாறு கழிந்தது என்று கேட்டுப் பெற்ற முடிவுகள் அல்ல.

இவ்வரலாற்றின் சான்றுகள் விரைந்து அழிவன. குழல்வகைத் தொலைக்காட்சிகள் பழைய இரும்புக் கடைகளுக்குச் செல்கின்றன. கேபிள் வசூல் அட்டைகள், ஊராட்சித் தொலைக்காட்சி அறைகளின் பதிவேடுகள், விடுதிகளின் கால அட்டவணைகள், தொலைக்காட்சியின் நன்மை தீமைகளை எழுதிய கட்டுரை நோட்டுகள் ஆகியன எந்த ஆவணக் காப்பகமும் கேட்டு வாங்காத பொருள்கள். பல்கலைக்கழகத் துறைகளும் கல்லூரிகளும் தத்தம் வட்டாரத்தில் இவற்றைத் திரட்டத் தொடங்குவது இன்றைய தேவை. குறிப்பாக உண்டு உறைவிடப் பள்ளிகளில் பயின்று வெளியேறியோர் பலர் இன்று நடுவயதில் உள்ளனர். மாலை ஆறு மணிக்குமேல் விடுதியில் என்ன நடந்தது என்பதை அவர்களே கூற இயலும். அவ்வாய்மொழியைப் பதிவுசெய்யாமல் எழுதப்படும் கல்வி வரலாறு, பள்ளி மணி அடித்ததோடு முடிந்துவிடும்.